முக்கூடல் வயலில் தழைச்சத்தின் போக்குவரவு

பயிர் மண்ணிலிருந்து பெறும் ஊட்டங்களுள் மிகுதியாகத் தேவைப்படுவதும் எளிதில் கைநழுவிப் போவதும் நைட்ரஜனே ஆகும். இலையின் பச்சையத்திலும் தானியத்தின் புரதத்திலும் அது உட்கூறாக நிற்பதால், அது குறைந்த பயிர் வெளிறிப்போய்த் தழைப்பதை நிறுத்திவிடுகிறது. உழவர்கள் அதற்குத் தழைச்சத்து என்று பெயரிட்டது மிகப் பொருத்தமானது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும், அக்காற்றிலேயே நாளெல்லாம் அசைந்து நிற்கும் நெல்லால் அதில் ஒரு துளியையும் தானாக எடுத்துக்கொள்ள இயலாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதும், அக்கட்டை அவிழ்க்க மின்னலின் கடும் வெப்பமோ, சில நுண்ணுயிர்களிடம் மட்டுமே உள்ள நைட்ரஜனேஸ் என்னும் நொதியோ, உரத் தொழிற்சாலையின் அழுத்தக் கலனோ வேண்டியிருப்பதுமே இதற்குக் காரணம்.

இந்நிலையில் உழவர்கள் தழைச்சத்தை எப்படி ஈட்டினார்கள் என்பதற்கு முக்கூடல் ஒரு சான்று. சீவலப்பேரிக்கு அருகே சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கும் இடமே பழைய இலக்கியம் பேசும் முக்கூடல். சேரன்மகாதேவிக்கு மேற்கே அதே ஆற்றங்கரையில் இன்று அப்பெயரோடு விளங்கும் பேரூர் வேறு. அந்தப் பழைய முக்கூடலின் நெல் வேளாண்மையைப் பாடும் முக்கூடற் பள்ளு என்னும் சிற்றிலக்கியத்தில், வயலுக்கு ஆட்டுக்கிடை வைப்பது கதையின் ஒரு நிகழ்வாகவே இடம்பெறுகிறது. விதைப்புக்கும் நடவுக்கும் முன்னால் கிடையைப் பற்றிய கவலை எழுவது தற்செயல் அன்று. காரும் பிசானமுமாக ஆண்டில் இருபோகம் விளையும் நன்செய் நிலம் ஒவ்வோர் அறுவடையிலும் இழக்கும் தழைச்சத்தை ஈடுகட்டும் வழிகளுள் அது தலையாயதாக இருந்தது.

பகலெல்லாம் தரிசிலும் கரட்டிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலுக்குள் அடைக்கும்போது, பரந்த நிலத்தின் புல்லிலும் இலையிலும் சிதறிக் கிடந்த நைட்ரஜன் ஒரே வயலில் வந்து சேருகிறது. புழுக்கையைவிட மூத்திரமே இங்கு விரைவாக வேலை செய்கிறது: அதிலுள்ள யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் அம்மோனியாவாக மாற்றிவிடுகின்றன. கிடை கிளம்பிய வயலில் விடியற்காலை மூக்கைத் துளைக்கும் நெடி அந்த அம்மோனியாதான். அதாவது, பயிருக்கு வந்த சத்து கண்ணெதிரே காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கிடை பெயர்ந்ததும் காலந்தாழ்த்தாமல் உழுது மண்ணை மூடிவிட வேண்டும் என்பது இதனால்தான். ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெருவுக்கு மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும் என்ற நாட்டுவழக்கும் மண்ணியலுக்கு இசைந்ததே. நார் மிகுந்த சாணத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரஜனைத் தம் உடலுக்கே எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் பயிருக்கு விடுகின்றன.

கிடை, ஏற்கெனவே நிலத்திலுள்ள சத்தை இடம் மாற்றுகிறது; காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருபவை கொளிஞ்சி, தக்கைப்பூண்டு, உளுந்து போன்ற பயறுவகைச் செடிகள். பூக்கும் பருவத்துத் தக்கைப்பூண்டு ஒன்றை ஈரமண்ணோடு மெதுவாகப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால், சிறு மணிகள் போன்ற முடிச்சுகள் தென்படும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இரத்தச் சாயலில் இளஞ்சிவப்பு. நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு நிறமி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் நைட்ரஜனேஸைக் காத்து நிற்பதன் அடையாளம் அது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குச் செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா செடிக்கு அம்மோனியா தருகிறது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் 1880களில் இதை மெய்ப்பித்தனர். பிசானத்துக்குப் பின் விதைக்கும் உளுந்தும் இப்பணியைச் செய்கிறது என்றாலும், பருப்போடு பெரும்பகுதி நைட்ரஜன் களத்துக்குப் போய்விடுவதால், செடியை வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்ற வயலுக்கு மிஞ்சுவது சொற்பமே. மடக்கி உழப்பட்ட தக்கைப்பூண்டு முழுவதையும் மண்ணுக்கே தந்துவிடுகிறது.

தேங்கிய நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகளும் நெல்வயலில் இவ்வாறே காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன. உயிர்கள் செய்யும் இவ்வேலையை மனிதரும் செய்யக் கற்றனர். 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைத்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் கார்ல் போஷின் முயற்சியால் அது தொழிற்சாலை முறையாயிற்று. இன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ நைட்ரஜன் அடங்கியிருக்கிறது.

ஆனால் அம்மூட்டையிலிருந்து வயலுக்குப் போவதில் பாதியைக்கூட நெல் பெரும்பாலும் பெறுவதில்லை என்பதே கவலைக்குரியது. நீர் நிற்கும் வயலின் மண் ஒரே சேறாகத் தோன்றினாலும் உண்மையில் இரண்டு அடுக்குகளால் ஆனது: மேலே காற்றுப் படும் சில மில்லிமீட்டர் தோல், கீழே ஆக்சிஜன் அற்ற கருஞ்சேறு. தூவிய யூரியா அம்மோனியமாக மாறி மேல்தோலிலேயே தங்கினால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன; அம்மோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்ளும், நைட்ரேட்டை அவ்வாறு பற்றுவதில்லை. எனவே அது நீரோடு கீழிறங்குகிறது. கருஞ்சேற்றில் மூச்சுவிட ஆக்சிஜன் இன்றித் தவிக்கும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. அவ்வாறு வெளியேறுவதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. அது எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. இது போதாதென்று, நண்பகல் வெயிலில் பாசிகள் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் காரத்தன்மை ஏறி, கரைந்திருந்த அம்மோனியாவும் காற்றோடு போகிறது. கடைமடை வழியே வடிகாலில் விழுந்த நைட்ரேட்டோ தாமிரபரணியோடு புன்னைக்காயல் சென்று மன்னார் வளைகுடாவில் சேருகிறது.

ஆகவே மூட்டைகளைக் கூட்டுவதைவிட, இட்ட சத்தைக் கருஞ்சேற்றில் அம்மோனியமாகவே நிறுத்திவைப்பதுதான் தேவை. மேலுரம் இடும் நாளில் வயலின் நீரை வடித்துவிட்டு இட்டு, மண்ணோடு கலந்து, பிறகு நீர் கட்டுதல்; மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் பயிரின் பருவம் பார்த்துப் பிரித்து இடுதல்; இலை வண்ண அட்டையோடு இலையை ஒப்பிட்டு, பச்சை குறைந்தால் மட்டும் இடுதல் ஆகியவை அதிகச் செலவில்லாத முறைகள். தாமிரபரணிப் பாசன உழவர்கள் அடுத்த கார் நடவுக்கு முன் ஒரு வயலிலாவது தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும்போது தொழியில் மிதித்துவிட்டு, அவ்வயலுக்கான யூரியாவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.