மிதித்தால் பாயாத கார்
கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

காஞ்சிபுரத்தில் இருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கிறது, ஐயம்பேட்டை. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர்.

அங்கே ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரில் பாட்டி இருக்கிறாள். குழந்தைகள் இருக்கிறார்கள். தெருவில் இருந்து கார் மெயின் ரோட்டில் ஏறவேண்டும். வலது பக்கம் ஒரு லாரி வருகிறது. தூரத்தில்தான் வருகிறது. "போய்விடலாம்" என்று டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்.

கார் பாயவில்லை! திணறுகிறது. இரண்டு நொடி கழித்துத்தான் "விர்" என்று கிளம்புகிறது.

இரண்டு நொடிதானே என்று நினைக்கவேண்டாம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் லாரி, இரண்டு நொடியில் 33 மீட்டர் வந்துவிடும். தூரத்தில் இருந்த லாரி, பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கோளாறைத்தான் மெக்கானிக்குகள் "பிக்கப் இல்லை" என்கிறார்கள்.

தறியைப் பாருங்கள்

நெசவாளர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தறியில் மிதியை மிதித்ததும் பாவு நூல் பிரிந்து வழி விடவேண்டும். அந்த வழியில்தான் நாடா ஓடும். மிதியில் கட்டிய கயிறு தளர்ந்து போனால், கால் கீழே போகும். நூல் உடனே பிரியாது. கோளாறு காலிலும் இல்லை, நூலிலும் இல்லை. நடுவில் இருக்கிறது. காரிலும் அப்படித்தான்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் காரில் முதலில் திறப்பது காற்று வழி! உள்ளே ஒரு சிறு தகடு கதவு போல் திறக்கிறது. காற்று புகுகிறது. அதற்குத் தக்கபடி பெட்ரோல் சேரவேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பிறகு பிளக்கில் நெருப்புப் பொறி வரவேண்டும். காற்று, பெட்ரோல், பொறி இந்த மூன்றில் ஒன்று பிந்தினாலும் கார் திணறும்.

அம்பாசிடர் காலம்

கதவு திடீரென்று திறந்தால் காற்று உடனே ஓடிவரும். பெட்ரோல் கனமானது. அது கொஞ்சம் பின்தங்கும். அந்த ஒரு கணத்தைச் சமாளிக்க, பழைய கார்களின் கார்புரேட்டர் பலவற்றில் ஒரு குட்டிப் பம்பு வைத்தார்கள். காலை அழுத்தியதும் அது பெட்ரோலைப் பீச்சி அடிக்கும்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி, 2014 வரை தயாரான அம்பாசிடர் எல்லாமே பல காலம் கார்புரேட்டரை நம்பி ஓடியவைதான். 1983-ல் வந்த மாருதி 800-ம் ஆரம்பத்தில் அப்படித்தான். இத்தகைய கார்களை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு.

குட்டிப் பம்பு உள்ள காரில் சோதனை சுலபம். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, மேலே உள்ள ஏர் பில்டரைக் கழற்றவேண்டும். கையால் அந்தக் கதவைத் திறந்தால், உள்ளே பெட்ரோல் மெல்லிய கம்பி போல் பீச்சவேண்டும். பீச்சவில்லையா? பம்பின் ரப்பரோ, வாஷரோ கெட்டிருக்கும். அல்லது துவாரம் அடைத்திருக்கும். (அப்போது பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக்கூடாது!)

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கலாம். பழைய காரைப் பல மாதம் நிறுத்தி வைத்து எடுத்தால், டாங்கியில் கிடக்கும் பெட்ரோலையும் சந்தேகப்படவேண்டும்.

கம்ப்யூட்டர் கார்

1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ கார் வந்தது. அதில் கார்புரேட்டர் இல்லை. எவ்வளவு காற்று வருகிறது என்று "சென்சார்" சொல்லும். அதற்கேற்ப பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். இப்போது பல கார்களில் ஆக்சிலேட்டருக்குக் கம்பியே கிடையாது. மிதித்தால் மின்சாரச் செய்திதான் போகும்.

சென்சாரில் அழுக்குப் படிந்தால் அது தப்புக் கணக்குச் சொல்லும். கார் தயங்கும். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால், மெக்கானிக்கிடம் உள்ள ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எண் வரும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடக் கூடாது. வயர் அறுந்திருந்தாலும் அதே எண் வரலாம். சில சமயம் விளக்கு எரியாமலே கோளாறு இருப்பதும் உண்டு.

செலவு குறைந்ததை முதலில் பார்ப்பதே என் கட்சி. ஏர் பில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். மண் தெரு, கல் லாரி போகும் ரோடு என்று ஓடும் காரில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. மாற்றத்தான் வேண்டும். கோவில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது நல்லதுதான். பில்டரில் உள்ள தூசி அதனால் போகாது! பிறகு பெட்ரோல் பில்டர், பிளக். பம்பு அதற்கும் பிறகுதான்.

என்ஜின் மேல் பழி

என்ஜின் நன்றாகவே இருக்கும். கார் மட்டும் ஓடாது. இதுவும் உண்டு.

மிதித்ததும் என்ஜின் கூச்சல் போடுகிறது, கார் மட்டும் மெள்ளப் போகிறது என்றால், கிளச் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். பெட்ரோல் பம்பை மாற்றிப் பயன் இல்லை. சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையைத் தூர வைத்தே சூடு பாருங்கள். தொடவேண்டாம்.

டீசல் டாக்சிகளில் டர்போ என்ற விசிறி உண்டு. புகையின் வேகத்தில் அது சுழல்கிறது. சுழலச் சிறிது நேரம் பிடிக்கும். அது இயற்கை. ஆனால் முன்பு இல்லாத தயக்கமும், "உஸ்" என்ற சத்தமும், கரும்புகையும் சேர்ந்து வந்தால், காற்றுக் குழாய் எங்கோ கிழிந்திருக்கலாம்.

மெக்கானிக்கிடம் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால், அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடவேண்டியதுதான். காலையில் குளிர்ந்திருக்கும்போது திணறுகிறதா, சூடான பிறகா? ஏ.சி. போட்டால் மட்டுமா? மேடு ஏறும்போது மட்டுமா? நான்கு நாள் கவனித்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

ஒர்க்ஷாப்புக்குப் புறப்படும் முன்பு, குனிந்து ஆக்சிலேட்டருக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். ரப்பர் பாய் சுருண்டுகொண்டு, மிதியைப் பாதி வழியில் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவு இல்லை.