துணையின் ஒளியில் பல்சாரின் நிறை

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் நடுவே, நீராழி மண்டபத்தில் ஒரே ஒரு விளக்கு எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் இருட்டு. உங்கள் நண்பர் ஒருவர் விளக்கைப் பார்த்தபடியே கரையைச் சுற்றி வருகிறார். அவர் எதிர்க்கரையில் இருக்கும்போது வெளிச்சம் விழுந்த முகம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கம் வந்ததும் இருண்ட முதுகுதான் தெரியும், அல்லவா?

வானத்தில் இப்படி ஒரு ஜோடி 1988-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் பி 1957+20. விளக்கின் இடத்தில் இருப்பது ஒரு பல்சார். அதாவது, விநாடிக்கு 600 தடவைக்கு மேல் சுழன்று ரேடியோத் துடிப்புகளை வீசும் நியூட்ரான் விண்மீன். அதைச் சிறியதொரு துணை விண்மீன் 9 மணி 10 நிமிடத்தில் சுற்றி வருகிறது. சந்திரன் பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, துணையும் ஒரே முகத்தையே பல்சாருக்குக் காட்டுகிறது. பல்சாரின் துகள்களும் கதிர்களும் தாக்குவதால் அந்த முகம் ஏறத்தாழ 8,000 கெல்வின். மறுபுறம் 3,000 கெல்வின்தான். துணையின் பொருள் ஆவியாகிப் பறந்துகொண்டும் இருக்கிறது. துணையைத் தின்னும் சிலந்தியின் பெயரை இவ்வகை ஜோடிகளுக்கு வைத்தது பொருத்தமே.

ஒரு சுற்றில் துணையின் பிரகாசம் 4 பொலிவெண்ணுக்கு மேல் மாறுகிறது. ஒரு பொலிவெண் என்பது 2.512 மடங்கு. அதை நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள். சுமார் 40 வரும். (இந்த அளவை 1856-இல் வகுத்த போக்சன், பின்னர் 30 ஆண்டுகள் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் பணிபுரிந்தவர்.)

இதனால் என்ன பயன்? குளத்தை நேர் மேலிருந்து பார்த்தால் நண்பரின் பிரகாசம் மாறவே மாறாது. ஆகவே மாற்றத்தின் அளவைக் கொண்டு, சுற்றுப்பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது எனக் கணக்கிடலாம். நிறமாலைக் கோடுகளின் நகர்வு துணையின் வேகத்தைத் தரும். ஆனால் நம்மை நோக்கிய பகுதியை மட்டுமே தரும். சாய்வு தெரிந்தால் முழு வேகம் கிடைக்கும். பூமியின் வேகத்தைக் கொண்டு சூரியனை நிறுப்பதுபோல, துணையின் வேகத்தைக் கொண்டு பல்சாரை நிறுத்துவிடலாம்.

நிறுப்பதற்குக் காரணம் உண்டு. மயிலாப்பூர் இளைஞர் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. நியூட்ரான் விண்மீனுக்கும் எல்லை உண்டு, தாண்டினால் கருந்துளைதான். ஆனால் அந்த எல்லையை வெறும் கணக்கால் முடிவு செய்ய இயலவில்லை. அணுக்கருவைவிட நெருக்கமாக அமுங்கிய அந்தப் பொருளை எந்தச் சோதனைச்சாலையிலும் செய்து பார்க்க முடியாது. ஆகவே கனமான பல்சார்களைத் தேடிப்பிடித்து நிறுக்கிறார்கள்.

விநாடிக்கு 707 தடவை சுழலும் ஜே 0952-0607 என்ற பல்சாரின் துணையை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியால் ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். நிறை 2.35 சூரியன்கள், கூடவோ குறையவோ 0.17. நான் இந்த எண்ணைச் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்பேன். துணையின் முகத்தில் வெப்பம் எப்படிப் பரவியிருக்கிறது என்று நாம் கொள்ளும் கருத்து மாறினால் சாய்வும் மாறும், நிறையும் மாறும். இன்னும் பல ஜோடிகளை அளந்தாக வேண்டும். புனேக்கு அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோத் தொலைநோக்கி கண்டுபிடித்து 2013-இல் அறிவிக்கப்பட்ட ஜே 1544+4937 அவற்றுள் ஒன்று. அதன் துணைக்கு ஒரு சுற்று, மூன்று மணி நேரம்கூட இல்லை.