வீட்டுச் சொத்தும் சிறப்புரிமை வரியும்

‘பிரஞ்சைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் இலங்கையர் நினைவில் எழுவது வாக்குரிமையாகும். 1931 ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை இந்நாட்டிற்குக் கிடைத்த நாள் தொட்டு அச்சொல் இங்குப் பழகிவிட்டது. வணிகரோ, பெயர்பெற்ற நிறுவனமொன்றின் பெயராலும் முறையாலும் கடை நடத்தும் அனுமதியை அச்சொல்லாற் குறிப்பர். பொருள் இரண்டாயினும் அடிப்படை ஒன்றே. ஒருவர் மற்றொருவர்க்கு வழங்கும் சிறப்புரிமையே அது.

ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்களில் இச்சொல்லின் பெயரால் ஒரு வரியும் உண்டு. வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வாடகைக்கு இருப்பவர் ஒருவர் படியிற் சறுக்கி விழுந்து நட்டஈடு கோருகிறார் எனக் கொள்வோம். வீடு உரிமையாளரின் சொந்தப் பெயரில் இருப்பின் அவருடைய ஏனைய உடைமைகளும் ஆபத்துக்குள்ளாகும். வீடு ஒரு கம்பனியின் பெயரில் இருப்பின் பொறுப்பு பெரும்பாலும் அக்கம்பனியின் உடைமையோடு நின்றுவிடும். இந்நோக்கத்திற்கு உகந்த வரையறுத்த பொறுப்புக் கம்பனி என்னும் அமைப்பை, 1977 ஆம் ஆண்டில் வயோமிங் மாநிலம் முதன்முதலாகச் சட்டமாக்கிற்று. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின.

இப்பாதுகாப்பு அரசு வழங்கும் சலுகை; சலுகைக்கு விலையும் உண்டு. நிலவரி நிலத்தின் பெறுமதியைப் பார்க்கும். வருமானவரி இலாபத்தைப் பார்க்கும். சிறப்புரிமை வரியோ கம்பனியாக இயங்கும் உரிமையையே பார்க்கும்.

கலிபோர்னியாவில் இது தெளிவாக விளங்கும். அங்குள்ள கம்பனி ஆண்டுதோறும் குறைந்தது 800 டொலர் செலுத்தவேண்டும். வீடு பூட்டிக்கிடந்தாலும், வாடகை வராவிடினும் விலக்கில்லை. வீட்டுக்கொரு கம்பனியென ஐந்து அமைப்பவர் 4,000 டொலர் கட்டவேண்டும். இதற்குத் தப்ப வேறு மாநிலத்திற் பதிவு செய்து, கலிபோர்னியாவில் இருந்தபடியே அலுவல்களை நடத்துவோரையும் இவ்வரி தொடர்ந்து வரும். அவர்கள் இரு மாநிலங்களுக்கும் பணங்கட்ட நேர்வதும் உண்டு.

டெக்சஸ் மாநிலத்தின் முறை வேறு. அங்குத் தனியாளுக்கு மாநில வருமானவரி இல்லை. தன் பெயரிலேயே வீட்டை வைத்திருப்பவருக்குச் சிறப்புரிமை வரியும் இல்லை. கம்பனி அமைத்தவரையே அது சாரும். 2024, 2025 ஆம் ஆண்டு அறிக்கைகளுக்கு, மொத்த வருவாய் 24 இலட்சத்து 70 ஆயிரம் டொலரைத் தாண்டாத கம்பனிகள் வரி செலுத்த வேண்டியதில்லை. தாண்டினால், 30 இலட்சம் டொலர் வாடகை பெறும் ஒரு கம்பனி அதிலிருந்து 10 இலட்சத்தைக் கழித்து, எஞ்சிய 20 இலட்சத்திற்கு 0.75 வீதப்படி 15,000 டொலர் கட்ட நேரிடலாம். வீட்டுக்கடன் வட்டியை இக்கணக்கிற் கழிக்க இயலாது. ஆகவே வட்டியால் நட்டமடைந்த கம்பனியும் வரிக்குரியதாகலாம்.

வரி இல்லை என்பதனாற் கடமையும் இல்லை என்று கருதுதல் பெருந்தவறு. சிறு கம்பனியும் தன் விபர அறிக்கையை, வழமையாக மே 15 ஆந் திகதிக்குள், ஒப்படைத்தல் வேண்டும். தவறி, அறிவித்தலையும் பொருட்படுத்தாதுவிடின், அரசு கம்பனியின் சிறப்புரிமைகளைப் பறித்தல் கூடும். அதன்பின் வாடகை நிலுவைக்காக அம்மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அதற்கு உரிமையில்லை. அக்காலத்திற் கம்பனி பட்ட கடன்களுக்கு நிருவாகிகளே பொறுப்பாளராகவும் நேரிடும். நிலுவையைத் தீர்த்து உரிமையை மீட்க வழியுண்டெனினும், அதற்குள் விளைந்த இடர் சிறிதன்று.

எந்தப் பொறுப்பிலிருந்து காத்துக்கொள்ளக் கம்பனி அமைக்கப்பட்டதோ, அந்தப் பொறுப்பே ஓர் அறிக்கையின் தவறால் உரிமையாளரின் வாயிலுக்குத் திரும்பி வருகிறது. ஆதலின் வீட்டின் விலையையும் வாடகையையும் கணிப்பவர், அதனை எவர் பெயரில் வைப்பது என்பதையும், அப்பெயரைக் காக்க ஆண்டுதோறும் ஆகும் செலவையும் சேர்த்தே கணித்தல் வேண்டும். பெற்ற உரிமையைப் பேணாதவர்க்கு அவ்வுரிமை நிலைப்பதில்லை.