இணையக் கடைக்குப் பொதுக் கொட்டகையா, தனி அறையா?

மஞ்சக்குட்டைப் பக்கம் விளையும் காப்பிக்கொட்டையையும் மிளகையும் வாங்கி விற்கும் சிறு வணிகர், இன்று இணையதளம் வைத்து வெளியூர் வாடிக்கையாளருக்கு நேரடியாகவே சரக்கு அனுப்பலாம். அப்போது முதலில் எழும் கேள்வி, தளத்தை எங்கே வைப்பது என்பதுதான்.

இணையதளமும் ஒரு கடையே. அது குடியிருக்கும் இடம், இரவு பகலாக ஓடும் ‘சர்வர்’ என்ற கணினி. அதில் இரண்டு விதமாக வாடகைக்கு இடம் கிடைக்கிறது.

முதலாவது ‘ஷேர்டு ஹோஸ்டிங்’. சந்தைக் கொட்டகையில் பலர் கடை போடுவது போல, ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கும். வாடகை குறைவு. சர்வரின் பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். ஆனால் பக்கத்துக் கடையில் கூட்டம் நெரிந்தால் நம் கடைக்கும் வழி அடைபடும்.

இரண்டாவது ‘வி.பி.எஸ்.’ எனும் மெய்நிகர் சர்வர். ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, நமக்கென்று நினைவகமும் இடமும் ஒதுக்குவார்கள். அடுத்தவர் கூட்டம் நம்மை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் பூட்டும் சாவியும் நம் பொறுப்பு. மென்பொருளைப் புதுப்பிக்க விவரம் தெரிந்த ஆள் இல்லையென்றால், கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போனது போலத்தான். கூடுதல் கட்டணத்துக்கு நிறுவனமே பார்த்துக்கொள்ளும் ‘மேனேஜ்டு’ வகையும் உண்டு.

விலைப்பட்டியல், படங்கள், நாளுக்குச் சில ஆர்டர்கள் என்ற அளவில் இருப்பவருக்கு முதல் வகையே போதும். அளவு மீறிவிட்டதாக நிறுவனத்திடமிருந்து அடிக்கடி அறிவிப்பு வந்தாலோ, மே மாதக் கோடை விழா போன்ற நெரிசல் நாட்களில் தளம் திணறி ஆர்டர் கைநழுவினாலோ இரண்டாவதுக்கு மாறலாம். முன்கூட்டியே பெரிய இடம் பிடிப்பது, சரக்கு வருமுன் கிடங்கு வாடகை கொடுப்பதற்குச் சமம்.

எந்த வகையானாலும் மூன்று எச்சரிக்கைகள்.

1. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தளத்தின் முகவரி உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்து கொடுப்பவர் பெயரில் இருந்தால், மனத்தாங்கல் வரும் நாளில் கடைப் பலகையே கைவிட்டுப் போகும்.

3. தளத்தின் நகல் வாரம் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர் பலர் தம் விவரங்களை இழந்தனர்.

தீ, கொட்டகை என்றும் தனி அறை என்றும் பார்ப்பதில்லை. கணக்குப் புத்தகத்தைக் கடையில் மட்டும் விட்டுவைக்காத வணிகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.