பவளப்பாறைக்கு ஒரு பாலிசி

மெக்சிகோவின் கிண்டானா ரோ மாநிலக் கரைக்கு முதல் அரண் கடலுக்குள் கிடக்கும் பவளப்பாறைத் திட்டு. பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை வழியிலேயே தணித்துவிடுவதாக 2014-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. 2005-இல் வில்மா சூறாவளி இந்த மாநிலத்தின் கான்கூன் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனது. பெரும் பணம் செலவழித்து மணல் கொட்டினார்கள். சில ஆண்டுகளில் அதையும் கடல் அரித்தது.

அங்கே நீரோரத்து 20 மீட்டர் நிலம் மத்திய அரசின் சொத்து. அதைப் பயன்படுத்தும் ஓட்டல்கள் கட்டணம் செலுத்துகின்றன. அதில் ஒரு பங்கைக் கரையைக் காக்கும் பாறைக்கே திருப்பினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் பாறைக்குக் காப்பீடு எடுக்கும் திட்டம். மாநில அரசும் ஓட்டல் உரிமையாளர்களும் தி நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கைகோத்து, 2018-இல் ஒரு நிதியத்தை அமைத்தனர். மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ காப்பீட்டை வடிவமைக்க உதவியது. 2019-இல் சுமார் 160 கிலோமீட்டர் கடற்கரைக்கு மாநில அரசு பாலிசி எடுத்தது.

வழக்கமான காப்பீட்டில் சர்வேயர் வந்து சேதத்தை மதிப்பிட்டு, பிறகுதான் பணம் வரும். ஒடிந்த பவளத்துக்கு அத்தனை அவகாசம் இல்லை. மணலில் புரண்டு கிடந்தால் சில வாரங்களில் செத்துவிடும். அதனால் இங்கே காற்றின் வேகமே கணக்கு: குறிப்பிட்ட எல்லைக்குள் 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் தொட்டாலே பணம் உண்டு. 2020 அக்டோபரில் டெல்டா சூறாவளி வந்தபோது சுமார் 8 லட்சம் டாலர் கிடைத்தது.

முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்த பூங்கா ஊழியர்களும் மீனவர்களும் முக்குளிப்பவர்களும் கடலில் இறங்கினார்கள். கவிழ்ந்த பவளங்களை நிமிர்த்தி, ஒடிந்த கிளைகளைப் பொறுக்கி, நீரடியில் இறுகும் சிமெண்டால் பாறையில் ஒட்டினார்கள். பணத்தைவிட இந்த ஆயத்தம்தான் திட்டத்தின் பெரிய பலம். ஆள் தயாராக இல்லாத ஊரில் எவ்வளவு விரைவாகப் பணம் வந்தாலும் பவளம் பிழைக்காது.

இதே முறை பிறகு பெலீஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளின் பாறைகளுக்கும் பரவியது. 2022 நவம்பரில் லிசா சூறாவளி தாக்கியபோது பெலீஸுக்கும் இழப்பீடு வந்தது.

ஆனால் இந்த பாலிசி புயலுக்கு மட்டுமே. கடல் சூடேறிப் பவளம் வெளுத்தாலும், 2018 முதல் அந்தப் பகுதியில் பரவும் திசு அழிவு நோய் தாக்கினாலும் ஒரு டாலர்கூட வராது. அவற்றைத் தடுக்கும் செலவும் கண்காணிப்பும் அரசின் தலையில்தான் விழுகின்றன. பாறையால் அதிகம் சம்பாதிக்கும் ஓட்டல்கள் அதற்கும் பங்கு தருவதே நியாயம்.