ஊரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறார்களா? ரூமைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள்!

சென்னை,
பரீட்சை முடிந்தது, லீவு விட்டாச்சு. "மாமா, நாங்க நாலு பேரும் மெட்ராஸ் வர்றோம். எந்தப் பக்கம் ரூம் போடலாம்?" என்று ஊரிலிருந்து போன் வராத வீடு சென்னையில் குறைவு. "எங்கேயாவது சீப்பா பாருப்பா" என்று சொல்லிவிட்டு மாமா ஆபீசுக்குக் கிளம்பி விடுகிறார்.

அங்கேதான் கோளாறு ஆரம்பம்!

காலை 5 மணி. எழும்பூர் ஸ்டேஷன் வாசல். ராத்திரி ரெயிலில் வந்த குடும்பம் நிற்கிறது. அம்மா தோளில் கைக்குழந்தை தூங்குகிறது. மூத்த பையன் "பாத்ரூம் வருது" என்று சிணுங்குகிறான். லாட்ஜ் பெயரைச் சொல்லி அப்பா ஆட்டோ கேட்கிறார்.

"அந்த லாட்ஜா? அது ஃபுல் சார். தண்ணியும் வராது. நான் நல்ல இடமா காட்டுறேன், ஏறுங்க."

கெட்டிக்கார அப்பாவும் இந்த இடத்தில்தான் விழுகிறார். பிள்ளை அழும்போது யாரால் வாதாட முடியும்? ஏறி உட்கார்ந்தால், எந்தப் பேட்டை என்றே தெரியாத ஒரு சந்தில் போய் இறங்க வேண்டியதுதான். ஆட்டோக்காரரின் கமிஷனும் ரூம் வாடகையில் ஏறி விடும். ரூம் போட்டிருந்தால், ஏறுவதற்கு முன் லாட்ஜுக்கு ஒரு போன். அவ்வளவுதான் வேலை!

பீச் இல்லாத 'பீச்'

வெளியூர்க்காரர்கள் ஏமாறும் இன்னொரு பெயர் 'பீச் ஸ்டேஷன்'. கடற்கரை பக்கத்தில் என்று நம்பி அந்தப் பக்கம் ரூம் தேடுகிறார்கள். பீச் ஸ்டேஷன் இருப்பது ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே. அங்கே மணலும் இல்லை, சுண்டலும் இல்லை. மெரினா போக சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று பறக்கும் ரெயிலில் வேறு ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

சரி, மெரினா பக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் தங்கி விடலாமே? கோவில் இருக்கிறது, சாப்பாடு மலிவு. ஆனால் அங்குள்ள மேன்ஷன்கள் பெரும்பாலும் வேலை தேடி வந்த தனி ஆண்களுக்காக ஏற்பட்டவை. குடும்பத்துக்கு ரூம் தரும் லாட்ஜா என்று கேட்டுக்கொண்டுதான் படியேற வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் கடல். ரூம் பக்கத்தில் கடல் இருந்தால், "அம்மா, ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்று பிள்ளை தினமும் கேட்பான். மெரினாவில் இறங்கிக் குளிக்கப் போலீசார் தடை போட்டிருப்பது சும்மா அல்ல. திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு இழுக்கும். முழங்கால் தண்ணீரில் நின்ற பையன் கண் மூடித் திறப்பதற்குள் கழுத்தளவில் இருப்பான். பெசன்ட் நகர் பீச்சில் வெள்ளையாக நிற்கும் வளைவைப் பலரும் போட்டோ எடுக்கிறார்கள். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம் அது. கடலைப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். தங்குவது வேறிடமாக இருக்கட்டும்.

கைக்குள் எழும்பூர்

அப்படியானால் எங்கே? ஏமாற்று நடக்கும் அதே எழும்பூர்தான்! காந்தி இர்வின் ரோடு, கென்னட் லேன் பக்கம் எல்லா வாடகைக்கும் லாட்ஜ் உண்டு. தாம்பரம் மார்க்க மின்சார ரெயிலில் ஏறினால் துணிமணிக்கு மாம்பலம், சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் கிண்டி. செங்கல்பட்டு வண்டி என்றால் வண்டலூர் வரை போய் மிருகக்காட்சி சாலையும் பார்க்கலாம். எல்லாம் ஒரே லைன். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட்டும் இல்லை. திமிங்கல எலும்புக்கூடு வைத்திருக்கும் மியூசியம் ஆட்டோவுக்கே வேலையில்லாத தூரம்.

இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. நடுராத்திரி குழந்தைக்கு ஜுரம் கொதித்தால்? அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இதே எழும்பூரில் இருக்கிறது.

பஸ்ஸில் வருகிறவர்கள் கதை வேறு. தென் மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு சரி. அந்த பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. பெட்டியும் பிள்ளையுமாக அங்கிருந்து எழும்பூர் வருவதற்குள் போதும் போதும் என்றாகி விடும். அவர்களுக்குத் தாம்பரமே தேவலை. அதே ரெயில் லைன்தான்.

தி.நகரில் தங்கினால் பர்ச்சேஸ் சுலபம். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைப்பதும் சுலபம்! தீபாவளி சமயத்தில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் குழந்தைகள் கையில் போலீசாரே கட்டி விட்டதுண்டு. ரங்கநாதன் தெருவுக்குள் நுழையும் முன் வீட்டிலேயே ஒரு துணிப்பட்டை கட்டிவிட என்ன செலவு? லாட்ஜ் கார்டு ஒன்றையும் பையன் ஜேபியில் போடுங்கள். "எங்கேப்பா தங்கியிருக்கே?" என்றால் பாதிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளை காணாமல் போனால் 1098-க்கு உடனே போன் செய்யலாம்.

தாழ்ப்பாளைத் தொட்டுப் பாருங்கள்

அட்வான்ஸ் கொடுக்குமுன் ரூமுக்குள் ஒரு நடை போய் வர வேண்டும். டி.வி. இருக்கிறதா என்று அப்பா பார்ப்பார். அம்மா ஜன்னலைப் பார்க்கட்டும். கம்பி இருக்கிறதா? பால்கனி கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே இருக்கிறதா? மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு உண்டா? பாத்ரூம் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா? உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறும் குழந்தையை மீட்கக் கதவைத்தான் உடைக்க வேண்டும். தவழும் பிள்ளை இருந்தால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள்.

மே மாதம் என்றால் கடைசி மாடி வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரியும் அனலடிக்கும்.

முடிந்தால், மாமாவே ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது ராத்திரி 9 மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பார்க்கலாம். பால் வாங்கக் கடை திறந்திருக்கிறதா? தெரு விளக்கு எரிகிறதா? பெண்கள் நடமாட்டம் இருக்கிறதா? ஒயின் ஷாப் வாசலைத் தாண்டித்தான் லாட்ஜுக்குப் போக வேண்டுமா? பகல் 11 மணிக்குப் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

ஒரு விஷயம். வண்டலூர், கிண்டி இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை லீவு. எழும்பூரில் தங்கியவர்கள் அன்றைக்கு மியூசியம் போகலாம். மியூசியத்துக்கு லீவு வெள்ளிக்கிழமை.