புற்றின் தடம் – 14: நாளத்துக்குள் நுழைந்த செல்கள்

மொன்றியல் ஜெனரல் மருத்துவமனையில் 1965இல் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் சி.இ.ஏ. என்ற புற்றுக் குறிப்பானைக் கண்டுபிடித்த கதை போன வாரத்தோடு முடிந்தது. மார்பகக் கட்டியைச் சூழ்ந்த திசுவில் ஆய்வாளர் மொராக் பார்க்கின் குழு வாசித்த மரபணுத் தடத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பதாலஜி ரிப்போர்ட்டில் வரும் ஒரு வரியைச் சொல்லாமல் அங்கே போக முடியாது: ‘நிணநீர்–ரத்த நாள ஊடுருவல்: உண்டு’. மருத்துவர்கள் சுருக்கமாக எல்.வி.ஐ. என்பார்கள். இதைப் படித்ததுமே நோய் உடம்பெங்கும் பரவிவிட்டது என்று பலரும் இடிந்துபோகிறார்கள். அந்த வரி அப்படிச் சொல்லவில்லை. புற்றுச் செல்கள் கட்டியை விட்டுக் கிளம்பும் வழியில் கண்ணில் பட்டன என்கிறது, அவ்வளவுதான். வேறோர் உறுப்பில் அவை குடியேறினவா என்பது தனிக் கேள்வி.

வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். எண்டோதீலியச் செல்கள் விளிம்பு கட்டிய ஒரு சின்னக் குழாய் தெரிகிறது. உள்ளே புற்றுச் செல்கள் ஒரு கொத்தாக ஒட்டிக்கிடக்கின்றன. பக்கத்திலேயே சில சிவப்பணுக்களும் இருந்தால் அது ரத்த நாளம் என்று துணிந்து சொல்லலாம். எல்லா ஸ்லைடும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. பதப்படுத்தும்போது திசு சுருங்கி, புற்றுக் கொத்தைச் சுற்றி வெறும் இடைவெளி விழுவதுண்டு. பார்வைக்கு அதுவும் நாளம் போலவே இருக்கும். விளிம்பில் எண்டோதீலியம் இல்லாமல், கொத்தின் வளைவும் இடைவெளியின் வளைவும் அச்சாகப் பொருந்தினால், அது சுருக்கத்தின் வேலை. ஐயம் தீராதபோது சிடி31, டி2-40 போன்ற ஆன்டிபாடிச் சாயங்கள் கைகொடுக்கின்றன. இவற்றில் டி2-40 நிணநீர் நாளத்தின் சுவரைக் காட்டிக்கொடுக்கும். அப்படியும் ஒரே ஸ்லைடைப் பார்க்கும் இரண்டு நிபுணர்கள் வேறு வேறு முடிவுக்கு வருவது அரிதல்ல.

அந்த வரியின் கனமும் உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. மார்பகப் புற்றில் அது ஆபத்தைக் கூட்டிக் காட்டினாலும் நோயின் நிலையை மாற்றுவதில்லை. கருப்பை உட்படலப் புற்றுக்கான 2023ஆம் ஆண்டு வகைப்பாட்டில், தீவிரம் குறைந்த வகையாக இருந்தாலும், கணிசமான நாளங்களில் ஊடுருவல் தெரிந்தால் நோய் இரண்டாம் நிலைக்கு ஏறிவிடும். ஓரிரு நாளங்களோடு நின்றால் ஏறாது. மிகத் தெளிவான கணக்கு விரைப் புற்றில்தான். செமினோமா அல்லாத வகையில், முதல் நிலையில், விரையை அகற்றிவிட்டுக் கண்காணிப்பில் மட்டும் வைத்தால், எல்.வி.ஐ. இருப்பவர்களில் 100க்குச் சுமார் 50 பேருக்கு நோய் திரும்புகிறது. இல்லாதவர்களில் சுமார் 15 பேருக்கு. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். செல்கள் நாளத்துக்குள் நுழைந்ததைக் கண்ணால் கண்ட பிறகும் பாதிப் பேருக்கு அறுவையோடு நோய் தீர்ந்துவிடுகிறது. நுழைந்ததே தெரியாத 15 பேருக்கு அது திரும்புகிறது. அப்படியானால் கிளம்பிய செல்களுக்கு வழியில் என்ன ஆகிறது?

இந்தக் கேள்விக்கு மொன்றியலில் கிடைத்த விடைதான் இந்த வாரத்தை முழுக்க எடுத்துக்கொண்டது. மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, விதை மட்டும் போதாது, நிலமும் இணங்க வேண்டும் என்று 1889இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் எழுதினார். நிலம் எப்படி இணங்குகிறது என்பதற்கு ஒரு வழியை 2013இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தின் லோரென்சோ ஃபெர்ரி குழு காட்டியது. நம் உடம்பின் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கிருமிகளை மடக்கத் தங்கள் டி.என்.ஏ.வையே வெளியே விசிறி வலை விரிக்கின்றன. இதை 2004இல் பெர்லினில் ஆர்ட்டுரோ சைக்லின்ஸ்கி குழு கண்டுபிடித்திருந்தது. ஃபெர்ரி ஓர் அறுவை நிபுணர். அவர் குழு எலிகளுக்குக் குடலிலிருந்து கடும் நோய்த்தொற்றை உண்டாக்கி, நுரையீரல் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தது. தொற்றை எதிர்க்க விரிந்த வலையிலேயே புற்றுச் செல்களும் சிக்கின. சிக்கியவை அழியவில்லை, 48 மணி நேரத்தில் ஈரலில் நுண்ணிய பரவல் கூடியது, இரண்டு வாரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் கட்டிகளாக வளர்ந்தது. டி.என்.ஏ. இழைகளை அறுக்கும் டிஎன்ஏஸ் என்சைமைக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் பரவல் அடங்கியது. நம்மைக் காக்க விரித்த வலை எதிரிக்கு இருப்பிடமாகிவிட்டது என்பதைவிட வியப்பான உண்மை இந்தத் தொடரில் இதுவரை வரவில்லை.

எலியில் கண்டதை மனிதருக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செயற்கையாகச் செலுத்திய செல்களின் கதை, தானாகக் கசியும் செல்களின் கதையாகிவிடாது. இதை நம்பி யாரும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஆனால் கிளம்புவதும் குடியேறுவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள், இரண்டாவதை உடம்பின் சூழல் தீர்மானிக்கக்கூடும் என்ற அளவில் அந்தச் சோதனை உறுதியானது. விரைப் புற்றில் எல்.வி.ஐ. இருந்தும் தப்பிய பாதிப் பேரைப் புரிந்துகொள்ள அப்படி ஒரு விளக்கம் இல்லாமல் முடியாது. ஆபத்து என்று தெரிந்தபின் எல்லோருக்கும் கீமோ கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இன்னும் கனமானது. விரைப் புற்றில் கொடுத்தால் நோய் திரும்புவது பெரிதும் குறையும். கூடவே, தேவையே இல்லாத பாதிப் பேரும் அந்த மருந்தின் துன்பத்தைச் சுமப்பார்கள். ஒழுங்காகக் கண்காணித்தால் திரும்பும் நோயையும் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடிகிறது. அதனால்தான் இரண்டு வழிகளையும் நோயாளியின் முன் வைக்கிறார்கள். குழுவுக்கான கணக்கைத் தனி மனிதரின் தலையெழுத்தாக வாசிக்கக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் ரிப்போர்ட்டிலோ வீட்டில் ஒருவரின் ரிப்போர்ட்டிலோ இந்த வரி இருந்தால், நிணநீர் நாளமா ரத்த நாளமா, எத்தனை இடத்தில், நிணநீர் முடிச்சுகளில் என்ன தெரிந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் அதே மெழுகுக் கட்டியை இன்னொரு பதாலஜிஸ்ட் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக மறுபடி உடம்பைக் கீற வேண்டியதில்லை. மொராக் பார்க் அடுத்த வாரம்.